நடுக்கடலில் "நான் எங்கே?" – வானத்தைக் கேட்டுச் சொல்லும் பெட்டி!

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருவர் நிலத்துக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் நடுவே வரப்பு இருக்கும். வரப்பு இல்லாவிட்டால் எல்லைக் கல் இருக்கும். கல்லையும் காணோம் என்றால் சர்வேயர் வருவார். சங்கிலி போட்டு அளப்பார். பருத்திக் காட்டுக்காரருக்கும் கம்பங்காட்டுக்காரருக்கும் எவ்வளவு சண்டை வந்தாலும், அடித்துச் சொல்ல ஓர் அளவு உண்டு.

கடலில்?

அங்கே கல் ஏது? வரப்பு ஏது? நாலு பக்கமும் தண்ணீர். தலைக்கு மேலே வானம். ஆனாலும் அங்கேயும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது! இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள கடல் எல்லையை 1974-ம் ஆண்டிலும் 1976-ம் ஆண்டிலும் ஒப்பந்தம் போட்டு வகுத்தார்கள். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணைக்கு. 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கு. அந்தக் கோடு தண்ணீரில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது. "இத்தனை பாகை வடக்கு, இத்தனை பாகை கிழக்கு" என்று சில புள்ளிகளைக் குறித்தார்கள். அந்தப் புள்ளிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் எல்லை!

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும்? படகு போகும். வலை போகும். மனிதன் சிறைக்குப் போவான்.

ஒட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே கடற்கரையில் தருவைகுளம் என்று ஓர் ஊர். கரிசல் மண் முடிந்து உப்புக் காற்று தொடங்கும் இடம். நாள்கணக்கில் தங்கி ஆழ்கடலில் மீன் பிடிக்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2023 அக்டோபரில் இந்த ஊர்ப் படகு ஒன்றை மாலத்தீவில் பிடித்தார்கள். அதில் 12 பேர் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. கரையில் இருந்த குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" என்ற கேள்வி கடலில் விளையாட்டுக் கேள்வி அல்ல. சோற்றுக் கேள்வி. சில சமயம் உயிர்க் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு சிறு பெட்டியின் கதை இது. ஜி.பி.எஸ். என்று எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். அதைப் படகில் வைத்தால் மட்டும் போதாது. மற்ற யந்திரங்களோடு ஒயர் போட்டு இணைக்க வேண்டும். அந்த இணைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கப்பல் ஓட்டிய கரிசல்காரர்

"கரிசல் காட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கப்பல் ஓட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் பிறந்தது கடற்கரையில் அல்ல. 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சுற்றிலும் கரிசல் பூமி. அவர்தான் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. வெள்ளைக்காரனின் கம்பெனிக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கப்பல்களில் ஜி.பி.எஸ். கிடையாது. அந்தக் காலத்து மாலுமிகள் சூரியனின் உயரத்தைக் கருவியால் அளந்தார்கள். ஒரு நல்ல கடிகாரத்தையும் கண்ணைப் போல் காப்பாற்றினார்கள். கடிகாரம் எதற்கு? பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கடிகாரம் 4 நிமிடம் பிசகினால், நம் பக்கத்துக் கடலில் கப்பல் இருக்கும் இடம் சுமார் 110 கிலோமீட்டர் பிசகிவிடும்! நேரம் சரியாகத் தெரிந்தால் இடமும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

தோணிக்காரர்களுக்கு வேறு கணக்கு. பகலில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தார்கள். இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். துருவ நட்சத்திரம் வட திசையில் அசையாமல் நிற்கும். அது எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் வட பாகை. கோவில்பட்டி ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது. கையை நேராக நீட்டி, முஷ்டியை அடிவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டியின் மேல் விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் இன்று இரவே மொட்டை மாடியில் பார்க்கலாம்.

கரை தெரியும் தூரத்தில் இன்னும் ஒரு வழி உண்டு. கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் அப்பன் காட்டிக் கொடுத்த மீன் பாறை! மகனைத் தவிர வேறு யாருக்கும் சொல்லமாட்டார்கள். இது சாதாரண அறிவா? மேகம் மூடினாலும் மழை இறங்கினாலும் மட்டும் இந்த அறிவுக்குக் கண் கட்டிவிடும்.

வேட்டுச் சத்தமும் விண்கோளும்

பெட்டிக்கு இடம் எப்படித் தெரிகிறது?

கோவில்பட்டியில் திருவிழா. தூரத்தில் வேட்டுப் போடுகிறார்கள். முதலில் வெளிச்சம் தெரிகிறது. பிறகுதான் சத்தம் கேட்கிறது. 3 விநாடி கழித்துச் சத்தம் கேட்டால் வேட்டு சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தது என்று அர்த்தம். 6 விநாடி என்றால் 2 கிலோமீட்டர். சத்தம் வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

இப்போது மூன்று இடங்களில் வேட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடமும் உங்களுக்குத் தெரிந்த இடம். மூன்றும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிட்டால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

ஜி.பி.எஸ். செய்வது இதுதான். வேட்டுக்குப் பதில் செயற்கைக் கோள். சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை. அமெரிக்கா விட்ட கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 24 கோள்கள் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு கோளும் "இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து செய்தி வந்து சேர, ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்கு போதும்.

கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தவறிவிடும்! அதனால் கோள்களில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். படகில் உள்ள பெட்டியில் அவ்வளவு விலை உயர்ந்த கடிகாரம் வைக்க முடியுமா? முடியாது. அதனால் பெட்டி மூன்று கோளோடு நிற்பதில்லை. நான்காவது கோளையும் கேட்டு, தன் கடிகாரத்தின் தவறைத் தானே திருத்திக்கொள்கிறது. பழைய கப்பல்காரர்களின் அதே கடிகாரக் கணக்குதான். கடிகாரம் மட்டும் வானத்துக்குப் போய்விட்டது.

ராணுவப் பொருள் ஊர்ப் பொருளானது

முதல் ஜி.பி.எஸ். கோள் 1978-ல் மேலே போனது. அமெரிக்க ராணுவத்தின் சொத்து அது. 1983 செப்டம்பர் 1-ந்தேதி ஒரு கொடுமை நடந்தது. தென் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி ரஷிய எல்லைக்குள் போய்விட்டது. சுட்டு வீழ்த்திவிட்டார்கள். 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான், "ஜி.பி.எஸ். தயாரானதும் பொது மக்களும் பயன்படுத்தலாம்" என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார்.

அப்படிக் கொடுத்ததிலும் ஒரு கஞ்சத்தனம்! பொது மக்களுக்குக் கிடைத்த கணக்கில் வேண்டுமென்றே 100 மீட்டர் வரை தவறு கலந்து விட்டார்கள். 2000 மே மாதத்தில்தான் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து 10 மீட்டருக்குள் சொல்லும் கருவி சாதாரண மனிதன் கைக்கு வந்தது.

அயலான் கையில் உள்ள சாவியை நம்பி எத்தனை நாள் வீட்டைப் பூட்டுவது? இந்தியாவும் தனக்கென்று கோள்கள் விட்டது. 'நாவிக்' என்று பெயர். முதல் கோள் 2013-ல் போனது. இந்தியாவும், அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையும் இதன் எல்லை. ஆனால் சோதனைகளும் வந்தன. சில கோள்களில் இருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் நின்றுபோயின. 2023 மே 29-ந்தேதி போன புதிய கோளில் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரம் இருந்தது. 2025 ஜனவரியில் போன அடுத்த கோள் சேர வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. விஞ்ஞானத்தில் மேடும் பள்ளமும் சகஜம்.

பெட்டி பேசும் பாஷை

சரி, பெட்டிக்கு இடம் தெரிந்துவிட்டது. அதை மற்ற யந்திரங்களுக்கு எப்படிச் சொல்கிறது?

ஒரு விசைப்படகின் மேல் கூண்டைப் பாருங்கள். கடல் வரைபடம் காட்டும் திரை ஒன்று. ஆழம் பார்க்கும் எக்கோ கருவி ஒன்று. வயர்லெஸ் ரேடியோ ஒன்று. சில படகுகளில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி செய்தது. ஆளுக்கொரு பாஷை பேசினால் என்ன ஆவது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவில் கடல் மின்னணுக் கருவிக்காரர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். 1983-ல் ஒரு பொது பாஷையை வகுத்தார்கள். அதன் பெயர் என்.எம்.இ.ஏ. 0183. பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் எளிது. தந்தி மாதிரி ஒரு வரி! ஒரு டாலர் குறியோடு வரி தொடங்கும். பிறகு, பேசுவது யார் என்று சொல்லும். மணி என்ன, வடக்கே எத்தனை பாகை, கிழக்கே எத்தனை பாகை, என்ன வேகம், எந்தத் திசை, என்ன தேதி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கால்புள்ளி. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். வழியில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் எண் ஒத்துப்போகாது. கேட்கிற கருவி அந்த வரியைத் தள்ளிவிடும்.

இந்த வரியில் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வரும். கோள்கள் கிடைக்காமல் பெட்டி திணறினால் 'வி' என்ற எழுத்து வரும். 'வி' வந்தால் அந்த இடத்தை நம்பக்கூடாது. சில மலிவான திரைகள் இதைப் பொருட்படுத்தாமல் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். படகு ஓடுகிறது, திரையில் படகு நிற்கிறது! அப்படி நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

மணியும் நம் ஊர் மணி அல்ல. உலகப் பொது மணி. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம். அதிகாலை 5 மணிக்குத் துறையை விட்டுப் புறப்பட்டால் பெட்டி முந்தின நாள் இரவு 11.30 என்று சொல்லும். கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.

இரண்டே இரண்டு ஒயர்

இப்போது இணைப்பு.

பெட்டியிலிருந்து வரும் ஒயர்களில் இரண்டு மின்சாரத்துக்கு. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். மற்றவை பேச்சுக்கு. "சொல்லும் ஒயர்" வேறு, "கேட்கும் ஒயர்" வேறு. ஜி.பி.எஸ். சொல்லும் ஒயரைக் கொண்டுபோய் மற்ற கருவியின் கேட்கும் ஒயரில் சேர்க்க வேண்டும். சொல்லும் ஒயரைச் சொல்லும் ஒயரோடு சேர்த்தால்? வாயை வாயோடு சேர்த்தது போல! ஒருவர் வாய், மற்றவர் காது. அதுதான் முறை. கூடவே திரும்பி வரும் ஒயரையும் சேர்க்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

நிறத்தை நம்பவே கூடாது. ஒரு கம்பெனிக்குப் பச்சை சொல்லும் ஒயர். இன்னொரு கம்பெனிக்கு அதே பச்சை வேறு எதற்கோ. கருவியோடு வரும் சிறு புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மீன் கூடைக்கு அடியில் போட்டுவிடக்கூடாது.

கம்ப்யூட்டர் என்றால் இன்னும் ஒரு படி. பழைய கம்ப்யூட்டர்களில் 9 ஊசி உள்ள பொருத்து இருந்தது. அதில் 2-ம் ஊசி கேட்கும் ஊசி. 5-ம் ஊசி பொது மைனஸ். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. யு.எஸ்.பி. பொருத்துத்தான். நடுவே ஒரு மாற்றுக் கருவி போட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் வரைபடம் காட்டும் புரோகிராம் வேண்டும். 'ஓப்பன் சி.பி.என்.' என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் வேலை செய்யவில்லை! இப்படி ஒரு பேச்சு எந்தத் துறையிலும் கேட்கலாம்.

"அண்ணாச்சி, ஒயர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா திரையில படகே வரலையே!"

"வேகம் எத்தனை வச்சிருக்க தம்பி?"

"படகு வேகமா? கட்டித்தானே கிடக்கு!"

"படகு வேகம் இல்லப்பா. பேச்சு வேகம்!"

ஆம்! பேச்சுக்கும் ஒரு வேகம் உண்டு. இந்தப் பாஷையில் சாதாரண வேகம் 4800. அதாவது விநாடிக்கு 480 எழுத்து. ஒரு வரிக்கு அதிகம் போனால் 82 எழுத்து. ஆகவே விநாடிக்கு ஐந்தாறு வரிகள் பேசலாம். பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி நிறையப் பேச வேண்டியிருப்பதால் 38400 வேகத்தில் பேசும். சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதேதோ கிறுக்கல் வரும். அல்லது ஒன்றும் வராது.

வேடிக்கையான ஒரு தொல்லையும் உண்டு. ஜி.பி.எஸ். பேசுவதைச் சில கம்ப்யூட்டர்கள் 'மவுஸ்' என்று தவறாக நினைத்துக்கொள்ளும். உடனே திரையில் உள்ள அம்புக்குறி பேய் பிடித்தது போல் அங்கும் இங்கும் குதிக்கும்! தானாகவே எதையோ திறக்கும், மூடும். பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது ஜி.பி.எஸ்.ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்ப்யூட்டரின் கருவிப் பட்டியலில் அந்தப் பொய் மவுஸை நிறுத்தியும் வைக்கலாம்.

ஒருவர் பேச நாலு பேர் கேட்கலாம். டீக்கடை ரேடியோவை ஊரே கேட்பது போல. ஒரே ஜி.பி.எஸ். திரைக்கும், ரேடியோவுக்கும், எக்கோவுக்கும் சொல்லலாம். ஆனால் ஒரே ஒயரில் இரண்டு பேர் பேசக்கூடாது. இரண்டு ரேடியோவை ஒரே சமயத்தில் வைத்தால் பாட்டும் புரியாது, செய்தியும் புரியாது. அப்படி இருவரையும் கம்ப்யூட்டருக்குக் கேட்க வைக்க வேண்டுமென்றால் 'மல்டிபிளெக்சர்' என்ற கருவி வேண்டும். "நீ முதலில், நீ பிறகு" என்று வரிசை பிரித்து விடும் பஞ்சாயத்துக்காரர் அவர்!

பிறகு வந்த என்.எம்.இ.ஏ. 2000 என்ற முறையில் ஒரே முதுகெலும்புக் கேபிள். எல்லாக் கருவியும் அதில் மாட்டிக்கொண்டு முறை வைத்துப் பேசும். மோட்டார் கார்களுக்காக ஜெர்மனியில் கண்டுபிடித்த முறை அது. வசதிதான். விலையும் வசதியானவர்களுக்குத்தான்.

சிவப்புப் பொத்தான்

இத்தனை சிரமம் எதற்கு? திரையைப் பார்த்தால் போதாதா?

ஒரு காரணம் சொன்னால் போதும். இப்போது வரும் வயர்லெஸ் ரேடியோக்களில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. மூடி போட்டிருக்கும். ஆபத்துக் காலத்தில் மூடியைத் திறந்து அழுத்திப் பிடித்தால், 70-ம் சானலில் அபாயச் செய்தி போகும். சுற்றியுள்ள கப்பல்களின் ரேடியோக்கள் அலறும். படகுக்கென்று கொடுத்துள்ள 9 இலக்க எண்ணும் அதில் போகும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். படகு எங்கே இருக்கிறது என்பதும் கூடவே போகும்.

எப்போது போகும்? ஜி.பி.எஸ். சொல்லும் ஒயரை ரேடியோவின் கேட்கும் ஒயரோடு சேர்த்திருந்தால்தான் போகும்! (உள்ளேயே ஜி.பி.எஸ். வைத்து வரும் ரேடியோக்களுக்கு இந்தக் கவலை இல்லை.) சேர்க்காவிட்டால், "ஆபத்து! ஆபத்து!" என்று கத்தும். "எங்கே?" என்று கேட்டால் பதில் இருக்காது. படகில் தண்ணீர் ஏறும் நேரத்தில், ஆடுகிற விளக்கு வெளிச்சத்தில், பாகையையும் கலையையும் வாயால் படித்துச் சொல்ல யாரால் முடியும்? இரண்டு ஒயர், கொஞ்சம் ஈயப்பற்று. வித்தியாசம் அவ்வளவுதான். அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து ரேடியோ வாங்கி மாட்டுவது எந்த ஊர்ச் சிக்கனம்?

எல்லை அலாரமும் இப்படித்தான். எல்லைக்கோட்டைத் திரையில் பதிந்து வைத்தால், பக்கத்தில் போகும்போதே பெட்டி சத்தம் கொடுக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பீப்பிச் சத்தம் என்ஜின் இரைச்சலில் யார் காதில் விழும்? வெளியே தனியாக ஒரு பெரிய பஸ்ஸர் மாட்ட வேண்டும். தூங்குகிறவனையும் எழுப்ப வேண்டும். மீன் பாடு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறவர்களும் உண்டு. மறைத்துப் பயன் இல்லை. அவர்களுக்கு எந்தப் பஸ்ஸரும் உதவாது. ஆனால் என்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறபோது முன்கூட்டியே தெரிந்தால், பக்கத்துப் படகைக் கூப்பிட நேரம் கிடைக்கும்.

ஒக்கிப் புயல் கற்பித்த பாடம்

2017 நவம்பர் கடைசி. கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் கிளம்பியது. நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வந்தது. கடலுக்கு யார் போய்ச் சொல்வது? கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கைப்பேசி ஊமை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவே இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் கொண்டுவந்தது. வானத்தில் உள்ள இந்தியக் கோள்கள் வழியாகப் புயல் செய்தியும், மீன் கிடைக்கும் இடமும் இந்தக் கருவிக்கு வரும். கருவி அதைப் புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். இங்கே ஒயரும் இல்லை. ஆனால் ஒரு குறை. கரை சொல்வதைக் கேட்கலாம். கரைக்குப் பதில் சொல்ல முடியாது. காது உண்டு, வாய் இல்லை.

அந்தக் குறை இப்போது தீர்ந்து வருகிறது. இஸ்ரோ தயாரித்த முறையில் 'டிரான்ஸ்பாண்டர்' என்ற கருவியைப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-ந்தேதி தொடங்கியது. 1 லட்சம் படகுகள், 364 கோடி ரூபாய். படகு எங்கே இருக்கிறது என்று கருவி செயற்கைக் கோள் வழியாகக் கரைக்குச் சொல்கிறது. 'நபமித்ரா' என்ற செயலி உள்ள கைப்பேசியோடு அது சேர்ந்துகொள்ளும். கரையிலிருந்து வானிலைச் செய்தி வரும். எல்லை எச்சரிக்கை வரும். மீனவரும் இங்கிருந்து அபாயச் செய்தி அனுப்பலாம். "நாம் எங்கே போகிறோம் என்று அதிகாரிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்களே!" என்று சிலருக்குத் தயக்கம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒக்கியின்போது காத்திருந்த வீடுகளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

உப்பும் பேட்டரியும்

வேப்பலோடையிலும் தூத்துக்குடியிலும் உப்பளம் பார்த்தவர்களுக்கு உப்பின் குணம் தெரியும். இரும்பைத் தின்னும். செம்பையும் தின்னும். இரண்டு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் வீட்டுக்குள் பத்து வருஷம் இருக்கும். படகில் சில மாதம்கூடத் தாங்காது. உள்ளே பச்சை பூத்துவிடும். ஈயப் பூச்சுள்ள செம்புக் கம்பி வாங்க வேண்டும். சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். கருவிக்குள் போகுமுன் ஒயரைக் கீழ்ப்பக்கம் ஒரு வளைவு வளைத்து விட வேண்டும். ஒயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கருவிக்குள் போகாது. காசில்லாத தந்திரம் இது!

பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். இன்னொன்று: என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது செல்ப் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும். அந்தச் சமயம் கருவிகள் அணைந்து மறுபடி தொடங்கும். கருவிகளுக்குத் தனிப் பேட்டரி இருந்தால் நல்லது. ஏரியலை நாலு பக்கமும் வானம் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். ராடார் சுழலும் உயரத்தில், அதன் முகத்துக்கு நேரே வைக்கக்கூடாது. மலிவான எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் ஜி.பி.எஸ். காதில் இரைச்சல் போடுவது உண்டு. எதைப் போட்டால் கோள்கள் காணாமல் போகின்றன என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் திருடன் அகப்படுவான். காந்த ஊசிப் பெட்டியின் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால் ஊசி பொய் சொல்லும். ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்று காந்த ஊசியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பேட்டரி செத்தாலும் அது சாகாது.

புள்ளி வைத்த இடம்

கடைசியாக, பணச் செலவே இல்லாமல் படகைக் கெடுக்கும் ஒரு தவறு.

ஒரு பாகைக்கு 60 கலை. தூத்துக்குடி ஏறக்குறைய 8 பாகை 48 கலை வடக்கில் இருக்கிறது. ஒரு டிரைவர் ரேடியோவில், "எட்டு, நாற்பத்தெட்டு புள்ளி ஐந்து" என்று சொல்கிறார். கேட்டவர் தன் கருவியில் 8.485 என்று அடிக்கிறார். போச்சு! 48.5 கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 8.808. தவறாக அடித்ததால் இடம் 35 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விட்டது. தூத்துக்குடிக்கு நேரே கூப்பிட்டவனைத் திருச்செந்தூருக்கு நேரே போய்த் தேடுவார்கள்.

இன்னொரு விதத் தவறு சின்னது போலத் தெரியும். 48.50 கலை வேறு. 48 கலை 50 விகலை வேறு. இரண்டுக்கும் நடுவே சுமார் 600 மீட்டர். வலை தேடுகிறவனுக்கு 600 மீட்டர் ஒன்றும் இல்லை. இருட்டில் தண்ணீரில் மிதக்கிற மனிதனைத் தேடுகிறவனுக்கு அது பெரிய தூரம். கூட்டாகத் தொழிலுக்குப் போகும் படகுகள் எல்லாம் ஒரே முறையில் திரையை வைத்துக்கொள்ள வேண்டும். துறையில் கட்டிக் கிடக்கும்போதே ஒரு படகு தன் இடத்தை ரேடியோவில் சொல்ல, மற்றப் படகுகள் எழுதி ஒத்துப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒயரைப் பார்க்கவும், பச்சை பூத்ததைச் சுரண்டவும், எண்ணை ஒத்துப் பார்க்கவும் அந்த நாள்கள் தோது.

பெரிய பெட்டி வாங்க முடியாத வள்ளக்காரர்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியையே பயன்படுத்துகிறார்கள். "டவர் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வராது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கைப்பேசிக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். நேரே வானத்தைத்தான் கேட்கிறது. டவர் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கிக்கொள்ளத்தான். கரையில் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், நடுக்கடலிலும் கைப்பேசி இடம் காட்டும். தண்ணீர் புகாத உறைக்குள் போட்டு, சார்ஜ் முழுதாக ஏற்றி எடுத்துப் போக வேண்டும்.